மேகத்துக்குள் விமானத்தை ஓட்டியவன் நான்

என் பெயர் அசன் முகம்மது. வயது 25. தகப்பனார் பெயர் மதார் சாகிப். இராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் ஆய்வாளர் முன்பு 28.7.1989 அன்று நானாக வந்து சொல்வதாவது:

நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜரத்தினமும் ஒரே விமானப் பயிற்சிக் கழகத்தில் ஓட்டப் படித்து உரிமம் வாங்கினோம். அதன் பிறகு மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்குப் பயிற்சி எடுத்தோம். இதற்கு வெளியே எதுவும் தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நான் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் சந்து விட்டு, மூன்று மாதமும் தரையைப் பார்த்தே ஓட்டினேன். ஆசிரியர் என்னைப் பாராட்டி ராஜரத்தினத்தைக் கடிந்துகொண்டபோதும் நான் சந்து விட்டதைச் சொல்லவில்லை.

11.7.1989 காலை பத்து மணிக்கு இருவரும் பயிற்சிக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து வெளியே கவனித்து வந்தார். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. "திரும்பிருவோம்லே" என்றார். நான், "இதுக்குத்தானலே படிச்சோம்" என்று சொல்லி உள்ளே விட்டேன். அதன் பிறகு பார்க்கத் தரை இல்லை. விமானம் இடப்பக்கம் சாய்வதாகக் கருவி காட்டியது. நேராகப் போவதாக எனக்குத் தோன்றியது. நான் கருவியை நம்பவில்லை. "ஏலே, மீட்டரப் பாருலே, வெளிய என்னத்தப் பாக்குத!" என்று சத்தமிட்டு அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கினார். மேகத்தை விட்டு வெளியே வந்தபோது மிகத் தாழ்வாக இருந்தோம். மறுபடி மேலே ஏற்ற வழியில்லாமல் மகாராஜபுரம் பக்கம் வறண்ட கண்மாயில் இறக்கினார். அவர் இருந்த பக்கம் கரையில் மோதியது. அந்த இடத்திலேயே இறந்துபோனார். எனக்கு வலது கை மட்டும் முறிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் விசாரணைக்கு வந்தவர்களிடம், மேகத்துக்குள் ஓட்டிப்போனது ராஜரத்தினம்தான் என்று சொல்லி இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அது பொய்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவர் தாயார் பரிபூரணம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கையில் இருந்த கட்டைப் பார்த்து, "எம்பிள்ளை ஒங்கள இப்படி ஆக்கிட்டானே அய்யா, அவன மனசுல வச்சுக்கிடாதீக" என்று கும்பிட்டார். நான், "பரவாயில்லம்மா" என்றேன். அவர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுப் பழத்தையும் தின்றேன்.

முதலில் கொடுத்த வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்ள வேண்டும். பரிபூரணம் அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை அவர் வீட்டில் வைத்து நானே படித்துக் காட்ட அனுமதி கேட்கிறேன்.

யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. வலது கை கட்டில் இருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அசன் முகம்மது