பதினோரு விநாடி

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை குறைந்தால் எனக்குப் பேச்சு வராது. இன்று தாராளமாக வரும், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கோகுல்நாத். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுவேன், கேசட் பதிவும் உண்டு.

இந்த வருஷம், தொண்ணூற்றொன்பது தை மாதம், நான் வைத்த கண்காட்சிக்கு நீங்களும் குடும்பத்தோடு வந்திருந்தீர்கள். இருட்டு ஹால், தரையெங்கும் பலகைகள். ஒரு பலகையில் கால் வைத்தால் சுவரில் ஒரு முகம் ஒளிரும், அந்த ஆளின் குரல் பேசும். பினாங்கு, சூரத், மஸ்கட் என்று பிழைக்கப் போனவர்கள், அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். மதுரைச் சனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பலகை தாவியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏன் இந்த வேலை என்று கேட்டீர்கள். என் முன்னோர்கள் குஜராத்திலிருந்து வந்த நெசவாளர்கள். வீட்டில் இன்றும் பேச்சு சௌராஷ்டிரம்தான். ஆனால் புறப்பட்ட அன்று யார் அழுதார்கள், யார் போகாதே என்றார்கள், ஒரு சத்தம்கூட மிச்சமில்லை. மற்றவர்களுடையதையாவது காப்பாற்றலாமே என்றுதான் இறங்கினேன்.

மலையம்மாள் அப்படித்தான் அறிமுகம். டி. கல்லுப்பட்டிப் பக்கம். புருஷன் தவசி மஸ்கட்டில் கட்டட வேலை. இருவருக்கும் எழுதத் தெரியாது. கேசட்டில் பேசி, போகிறவர் வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஐப்பசியில் தவசி அனுப்பியதில் இப்படி இருந்தது: “வான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, வந்துர்றேன். சொல்லலேன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்.”

வீட்டு டேப் ரெக்கார்டர் கெட்டுப்போனதால் பதில் பேச அந்தம்மா என் கடைக்கு வந்தது. ஆடு குட்டி போட்டது, மழை பெய்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “இம்புட்டுச் சம்பாதிச்சது போதுங்க. கையெழுத்துப் போடாதீங்க. பொறப்பட்டு வந்துருங்க” என்றது. பதினோரு விநாடி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சிக்கலும் அங்கேதான். இதைக் கேட்டால் தவசி மார்கழியிலேயே வந்து நின்றுவிடுவார். கண்காட்சியோ தையில். புருஷன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குரலுக்கு என்ன மதிப்பு? அதனால் நகல் எடுக்கும்போது பாஸ் பட்டனை அழுத்தி அந்தப் பதினோரு விநாடியை மட்டும் விட்டுவிட்டேன். ஆடும் மழையும் அப்படியே போயின. மஸ்கட் திரும்பவிருந்த காளை என்பவர் ஆரப்பாளையம் லாட்ஜில் தங்கியிருந்தார். நானே நடந்துபோய் நகலைக் கொடுத்தேன். முழுப் பதிவு என்னிடம் பத்திரமாக இருந்தது.

தவசி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கண்காட்சிக்கு மலையம்மாள் ஊர்க்காரர்களோடு வேனில் வந்தது. தன் பலகையில் ஏறித் தன் குரலையே கேட்டது. “இம்புட்டுச் சொல்லியும் வரலியேண்ணே அந்த மனுசன்” என்றது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு கோபத்தில் அவருக்குக் கேசட்டே அனுப்பவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மாசியில் சாரம் சரிந்து தவசி இறந்துபோனார். சாரம் கட்டியது நானில்லை சார். அவருடைய பெட்டி ஊருக்கு வந்ததில் என் நகலும் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அந்தம்மா உங்களிடம் வந்தது.

நேற்று இதே அறையில் இரண்டு கேசட்டையும் அடுத்தடுத்துப் போட்டீர்கள். ஆமாம், வெட்டியது நான்தான். வெட்டினால் அவர் வரமாட்டார் என்று தெரிந்தேதான் வெட்டினேன். கையெழுத்துப் போடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வருத்தம். அந்த இடம் வந்ததும் மலையம்மாள் ஒரு சத்தம் போட்டதே, வார்த்தையே இல்லாமல். ஏட்டையாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். மேஜையில் இன்னொரு டேப் ரெக்கார்டர் சும்மாதான் கிடந்தது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, மனுஷனுக்குக் கொஞ்சம் மனசு வேண்டாமா சார்.