ஒப்பந்தத்துல அடி கெடையாது

...அதாண்ணா கேக்குறேன், நான் என்னா குண்டா வெச்சேன்? குண்டு வெச்சான்னு சந்தேகப்பட்டு தேடுறவனுக்கே, அவன் ஓடிப்போன நாட்டுல ஒரு ஜட்ஜு ஒக்காந்துகினு, "இவன அனுப்புனா அடிப்பீங்களா மாட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க"ன்னு மாசக்கணக்கா கேட்டுக்கினு கீறாரு. எனக்கு? ரெண்டே நாளு பேச்சு! எங்கத்த தாட்சாயணி, பைய கைல குடுத்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டுல இந்த பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு, "போய் ஒங்க நைனாகிட்ட மூஞ்ச காட்டுறா"ன்னு கைய ஆட்டிட்டு போய்க்கினே இருக்குது! இன்னா நியாயம் இது?

கொஞ்சம் நவுருங்கண்ணா. ஜன்னல் சீட்டு நீங்களே வெச்சிக்கோங்க. திருப்பதி வரிக்குமா? தலையாட்டுனா போதும், புரியுது. மொட்டத்தல, தொப்பி, வாய தொறக்கறதில்ல... மௌன விரதம் மாதிரி எதுனா வேண்டுதலா? பரவால்ல. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடுறேன்.

நான் யஸ்வந்த்துங்ணா. இன்டர் செகண்ட் இயர், தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ மாதிரி. மல அடிவாரத்துல அலிபிரிக்கு பின்னால எங்க வூடு. சொந்தம்லாம் நகரி பக்கம், அதான் வூட்டுல தமிழு. எனக்கு மூஞ்சி ஞாபகம் நிக்காது, ஆனா காது இருக்குது பாருங்க... ஒரு கொரல ஒருவாட்டி கேட்டா போதும், அப்டியே என் தொண்டைக்குள்ள குடி வந்துரும். எங்க பிரின்சிபாலு, பஸ் கண்டக்டரு, மல மேல லட்டு கவுண்டர்ல மைக்குல கத்துறாரே அவரு... எல்லாரும் உள்ள கீறாங்க. வாடகை கூட குடுக்கறதில்ல!

அந்த வெளிநாட்டு கேஸு நீங்களும் டிவில பாத்திருப்பீங்களே. எங்க தெரு முனைல நரசிம்மன் டீக்கட. தெனமும் சாயந்திரம் அங்க அதே பேச்சு. வெளிநாட்டு ஜட்ஜு கேக்குறாரு: "அவன வெக்கப்போற ரூமுல வெளிச்சம் வருமா, ஃபேன் ஓடுமா? கக்கூஸ் தனியா கீதா? வக்கீல பாக்க உடுவீங்களா? அடிச்சி ஒத்துக்க வெக்க மாட்டீங்களே?" நம்ம வக்கீலு: "மை லார்ட், வீடியோவே எடுத்து அனுப்பறோம் மை லார்ட்!" ஒடனே நரசிம்மன் டீய ஆத்திக்கினே, "ஏமய்யா! நான் அடுப்பு முன்னால வெந்துக்கினு கீறேன், எனக்கு ஃபேன் லேது, அவனுக்கு ஃபேனா?" கட மொத்தமும் சிரிப்பு. நானும் சிரிச்சேன். சிரிக்காம? குண்டு வெச்சவனுக்கு காத்து வேணுமாம்!

வெச்சானா இல்லியான்னு தான் கேஸே நடக்குதுன்னு அப்ப யாருக்கும் தோணல. எனக்குந்தான்.

என்னா பாக்குறீங்க? வர்றேன், வர்றேன், நான் பண்ணதுக்கு வர்றேன். எனக்கு ஹேமநாத்னு ஒரு ஃப்ரெண்டு. மூஞ்சில நாலஞ்சி முடி மொளச்சிருக்குது, அத தாடின்னு சொல்லிக்கினு, தெனமும் எண்ண போட்டு தடவிக்கினு திரியுறான். அவன கலாய்க்கலாம்னு செய்தி வாசிக்கிறவரு கொரல்ல அவனுக்கு வாட்ஸாப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கேளுங்க, மெதுவா செய்றேன், முன்சீட்டு அம்மா முழிச்சிக்கப் போவுது: "அண்மைச் செய்தி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படவுள்ள நபரின் கூட்டாளி, தாடியுடன், திருப்பதி அலிபிரி அருகே ஒரு மாடி அறையில் பதுங்கியிருப்பதாகத் தகவல்." பின்னாடி டண்டண்டண்னு மியூசிக்கும் நானே! எப்டி? சூப்பர்ல? ஹேமநாத் படுக்கறது மாடி ரூமு. அவனுக்கு மட்டும் புரியற ஜோக்கு.

அத அவன் அவங்க அம்மாக்கு அனுப்பி, அவங்க தெரு குரூப்புல போட்டு, அது நரசிம்மன் கடைக்கு வந்து... முடிஞ்சிது.

ஹேமநாத்த எவனும் திரும்பி கூட பாக்கலண்ணா! ஏன்னா அவன எல்லாருக்கும் தெரியும். "நம்ம ஹேமு." எங்க மாடில ஒருத்தரு குடியிருந்தாரு, கோகுலகிருஷ்ணன்னு. ஈரோட்டு பக்கம். சித்தூர்ல மாம்பழக் கூழு கம்பெனில வேல, தெனமும் போய் வருவாரு. நெஞ்சு வரிக்கும் தாடி. அவர யாருக்கும் தெரியாது. அவ்ளோதாண்ணா கேஸு. வேற ஒண்ணுமே இல்ல.

தாடி எதுக்குன்னா, வேண்டுதல். பொண்டாட்டி வசந்தா ஊர்ல மாசமா இருக்குது, ரெண்டு வாட்டி கலஞ்சிபோய் இது மூணாவது. கொழந்த பொறந்ததும் மூணு பேரா மல ஏறி முடி குடுக்கலாம்னு வளத்துக்கினு இருந்தாரு. எனக்கு எப்டி தெரியும்னா, தெனமும் மாடிப்படில நின்னுக்கினு போன் பேசுவாரு. அவரு கொரலும் உள்ள கீது, கேளுங்க: "ஏங்கண்ணு, சாப்ட்டியாக்கு?" ஹாஹா! எழுத்துக்கு எழுத்து அதே! அப்புறம், "சரி கண்ணு, பொறவு பேசறனாமா." எங்கம்மாவே ஒருவாட்டி ஏமாந்துபோய் அவருன்னு நெனச்சி எனக்கு காபி எட்தாந்துச்சி.

ஏண்ணா, வெயிலு அடிக்குதா? திர போட்டுக்கோங்க.

அன்னிக்கி அவரு வேல முடிஞ்சி தெருவுல நொழையறாரு, கடைலர்ந்து பத்து பேரு எழுந்தாங்க. யாரும் ஒரு கேள்வி கேக்கலண்ணா. ஒக்காருன்னு ஒரு ஸ்டூலு போடல. பைய புடுங்கி கொட்டுனாங்க. உள்ள டிபன் பாக்ஸும், கொழந்தைக்கு வாங்குன குட்டி சாக்ஸும். போலீஸு வந்து கூட்டிக்கினு போய், ஐடி பாத்து, கம்பெனிக்கு போன் போட்டு, "ஏம் லேது, வெள்ளண்டி", ஒண்ணுமில்ல போங்கன்னு உட்டுட்டாங்க. போலீசே உட்டுட்டாங்கண்ணா! எங்க தெரு உடல. "போலீஸு உட்டா மட்டும்? எதுனா இருக்கும்." எங்க நைனா, வூட்டு ஓனரு, "தப்பா நெனச்சிக்காதப்பா, தெருவுல பேச்சாயிடுச்சி"ன்னு அவரு சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சிட்டாரு.

பாவம், மறுநாள் மல ஏறி, தாடியும் முடியும் குடுத்துட்டு, சாவிய திருப்பிக் குடுக்க வந்தாராம். அதுக்கு நரசிம்மன் என்னா சொன்னாரு தெரியுமா? "பாத்தியா! வேஷம் மாத்திட்டான்!" திருப்பதில மொட்டயப் பாத்து வேஷம்னு சொன்னா, இந்த பஸ்ஸுல பாதிப் பேர புடிச்சி உள்ள வெக்கணும். உங்களயும் சேத்து!

நான் அதுக்குள்ள சித்தூர் அத்த வூட்டுக்கு ஓடிட்டேன். ஹேமநாத் ஒளறிட்டான்ல. அத்த வூட்டுல நல்ல சாப்பாடு, தெனமும் கோழி. நைனா போன் போட்டு, "அந்த நாய அனுப்பு." அத்த என்னா பண்ணுச்சி தெரியுமா? அதுவும் டிவி பாக்குமே! "அன்னய்யா, அனுப்பறேன். மொதல்ல நீ சொல்லு. அடிக்க மாட்டியே? அவன் பேசறத முழுசா கேப்பியா? போன ஒடைக்க மாட்டியே? வூட்டுக்கு வந்ததும் மொதல்ல சோறு போடுவியா?" எங்க நைனா: "ஏய், அவன் என்ன வெளிநாட்டு கைதியா?" அத்த: "அவனுக்கே கேக்கறாங்க, நம்ம வூட்டு புள்ளைக்கு கேக்கக் கூடாதா?" ரெண்டு நாளு பேச்சுவார்த்தண்ணா! கடைசில நைனா எல்லாத்துக்கும் ஒத்துக்கினாரு. ஒப்பந்தத்துல அடி கெடையாது. ஆனா அவரும் ஒண்ணு போட்டாரு: தெரு மொத்தமும் நிக்கும்போது, அந்த கோகுலகிருஷ்ணன் மூஞ்சிக்கு நேரா நின்னு, "அது என் கொரலு"ன்னு நான் சொல்லணுமாம்.

நான் பட்டுன்னு ஒத்துக்கினேன். ஏன்னு கேளுங்க? அந்தாளு எங்க போனார்னே யாருக்கும் தெரியாது! போன் நம்பரும் மாத்திட்டாராம். கம்பெனி பேரும் எங்க வூட்டுல யாருக்கும் தெரியாது. எங்க போய் புடிக்கறது? ஆளு இல்லன்னா நிபந்தன இல்ல. எப்டி நம்ம மூள?

...இல்ல, ரெண்டு நாளா கோழி எறங்கலண்ணா, அது வேற விஷயம். அந்த குட்டி சாக்ஸு... நான் மாடிலர்ந்து பாத்துக்கினு தான் இருந்தேன். "நிறுத்துங்க, அது நான்"னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். எத்தன கொரலு உள்ள வெச்சிருக்கேன், ஒண்ணு கூட வெளிய வரல. அந்த வெளிநாட்டு ஜட்ஜு மட்டும் எங்க தெருவுல இருந்திருந்தாரு... சரி உடுங்க. சந்திரகிரி வந்துடிச்சி. கோட்ட தெரியுது பாருங்க.

ஒங்க போன் அடிக்குதுண்ணா. எடுங்க, எடுங்க. நான் வாய மூடிக்கிறேன்...

...

...என்னா சொன்னீங்க இப்ப?

இல்ல, போன்ல. "ஏங்கண்ணு, சாப்ட்டி..."

அய்யோ.

அய்யய்யோ. அண்ணா. கோகுலண்ணா! தொப்பிய எடுக்காதீங்க, வேணாம், தெரிஞ்சிபோச்சி, கொரலே போதும்! நீங்க... சித்தூர்லர்ந்து... இவ்ளோ நேரமா பக்கத்துல... கண்டக்டர்! ஹோல்டான்! இல்ல இல்ல, கைய உடுங்கண்ணா, ஓடல, ஓடல. ஒக்காந்துட்டேன்.

ஏண்ணா மொதல்லயே சொல்லல? நான் ஏறும்போதே அடையாளம் தெரிஞ்சிதுல்ல? ஒரு அற உட்டிருக்கலாம்ல?

...முழுசா கேட்டுட்டு பேசலாம்னு இருந்தீங்களா.

முழுசா கேட்டீங்களே அண்ணா. அந்த காபி வரிக்கும்.

வசந்தாக்கா எப்டி கீறாங்க? ...நல்லாக் கீறாங்களா. சரி. அது போதும். மொட்ட போட்டது அவங்களுக்கு... இன்னும் சொல்லலியா? ...சரிண்ணா, நான் அதப்பத்தி பேசல.

இப்ப எங்க எறங்கணும்? எங்க தெருவுக்கேவா? நீங்களும் வர்றீங்களா? நரசிம்மன் கட முன்னாடியா? வர்றேண்ணா. ஒத்துக்கினேன்ல, ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். நீங்க மட்டும் நைனாக்கு பக்கத்துல நின்னுக்கோங்க, அவரு நிபந்தன மறக்கற ஆளு.

என்னாது? ஒங்களுக்கும் ஒரு நிபந்தன கீதா? சொல்லுங்க.

...யாரு மாதிரியும் பேசக் கூடாதா. என் சொந்தக் கொரல்லயா!

சொந்தக் கொரல்னா... இருங்கண்ணா. "எல்லாரும் கேளுங்க, அது நான் தான்." இல்லல்ல, இது நைனா மாதிரி வருது. "அது நான் தாங்க." ச்ச, இது ஹேமநாத்து. சிரிக்காதீங்கண்ணா! அலிபிரி வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சிடுறேன். இன்னொருவாட்டி... "அது... நான்..."

இதா அண்ணா? இது யாருது? நீங்களே கேட்டு சொல்லுங்க.