கூடையை உதைத்த கால்

பொன்னி: இது மூணாவது காகிதம் அண்ணாத்த! இதையும் கிழிச்சிட்டியா?

கண்ணாயிரம்: ஆரம்பம் சரியா வரலம்மா. இந்தத் தாலுகா ஆபீஸ் வாசல்ல எத்தனையோ மனு எழுதியிருக்கேன்... இன்னிக்கு என்னமோ...

பொன்னி: எழுதின வரைக்கும் படி.

கண்ணாயிரம்: "மகாராஜராஜஸ்ரீ பஸ் முதலாளி அவர்கள் சமூகத்துக்கு, மாமல்லபுரம் மீன்காரி பொன்னி தாழ்மையுடன் தெண்டனிட்டு..."

பொன்னி: தெண்டனா? கால்ல வுழறதா? நானா? கூடைக்கும் சேத்து டிக்கெட்டு வாங்கிகினு குந்தியிருந்தேன். திருக்கழுக்குன்றத்துல, நாறுதுன்னு சொல்லி கண்டக்டரு கூடையை எட்டி உதைச்சான். மீனு அத்தினியும் ரோட்டு மண்ணுல! பஸ்ஸே சிரிச்சுது. நான் தெண்டனிடணுமா?

கண்ணாயிரம்: அவனுக்கில்லம்மா, முதலாளிக்கு. சரி, இப்படி ஆரம்பிக்கலாம்... "அறியாமல் நேர்ந்துவிட்ட ஒரு சிறு பிழையை..."

பொன்னி: சிறு பிழையா! கையால எறக்கி வெச்சிருந்தா பொறுத்துகினு இருப்பேன். காலால உதைச்சான்யா! அது என் சோறு!

கண்ணாயிரம்: கத்தாதே. ஜனங்க பாக்கறாங்க.

பொன்னி: பாக்கட்டும்! அன்னிக்கும் பாத்துகினுதானே இருந்தாங்க.

கண்ணாயிரம்: சின்னப் பையன்... வேலை போயிடும்மா...

பொன்னி: சின்னப் பையன்னு நான் சொல்லவேயில்லையே?

கண்ணாயிரம்: அது... பேனாவுல மை தீந்துடுச்சு. நாளைக்கு வாயேன்.

பொன்னி: புட்டி நெறைய மை கீது. இன்னா பேஜாரு இது! எந்த பஸ்ஸுன்னு கேட்ட. எந்த ஊருன்னு கேட்ட. மீனு இன்னா வெலைன்னுகூட கேட்ட. அவன் பேரை மட்டும் ஏன் கேக்கல? மனு எழுத இந்த மரத்தடியில இன்னும் எத்தினி பேரு கீறாங்க. நான் ஏன் உங்கிட்ட வந்தேன்?

கண்ணாயிரம்: தெரிஞ்சேதான்... வந்தியா?

பொன்னி: தெனம் அவன் பஸ்ஸை விட்டு எறங்கி, "நைனா"ன்னு கூப்டு உனக்கு நாஸ்தா வாங்கியாந்து குடுக்கறானே, நான் பாக்கலயா? முதலாளி கூப்டு மனுவைக் காட்டசொல்ல, வேற எவன் எழுதியிருந்தாலும் அவன் படிச்சிட்டு சிரிப்பான். உன் கையெழுத்தைப் பாத்தா சிரிப்பானா?

கண்ணாயிரம்: அந்தக் காகிதத்தை இப்படித் தள்ளு.

பொன்னி: தெண்டன் போட்டியானா எழுந்து போயிடுவேன்.

கண்ணாயிரம்: போடல. கேளு. "முதலாளி அவர்களுக்கு, உங்கள் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் வரதன் ஒரு பெண்ணின் சோற்றைக் காலால் உதைத்தான். இதை எழுதுவது அவன் தகப்பன்."