திங்கட்கிழமை கிளம்பாத கார்

"எங்க முதலாளி காருக்குத் திங்கட்கிழமை மட்டும் ஆகவே ஆகாதுண்ணே."

கிள்ளான் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் கொடுப்பவர் பென்சில் சீவிக்கொண்டிருந்ததால் வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் நின்ற காக்கிச் சட்டை டிரைவர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுத்திருந்த பட்டறைக்காரரிடம் இப்படிச் சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மத்த நாள்ல?"

"ஒரே சுத்துல கிளம்பிடும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஹேண்டில் போட்டுச் சுத்திச் சுத்தி என் தோளே கழண்டுடுது. நாளைக்கு முதலாளிக்குக் கோலாலம்பூர்ல கேஸு. கிளம்பலைன்னா எனக்கு வேலை போயிடும்லா."

"அன்னைக்கு முதல் தடவையா சுத்துறதே எட்டு மணிக்குத்தானா?"

"இல்லண்ணே. ஏழரைக்கு ராகு காலம் வந்துடுதே. அதுக்கு முன்னாடியே புறப்பட்ட மாதிரி இருக்கணும்னு முதலாளி ஏழேகாலுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்வாரு. நான் உடனே நிறுத்திடுவேன். அவர் பசியாறப் போயிடுவாரு."

பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெட்ரோலைக் கூடுதலா விடுற சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு, எஞ்சின் சூடாகுறதுக்குள்ள நிறுத்தினா பிளக்கெல்லாம் பெட்ரோல்ல நனைஞ்சிடும். அப்புறம் எப்படிய்யா பத்தும்? கழட்டிக் காயவெச்சாத்தான் கிளம்பும்."

"அதைத்தாண்ணே செய்றேன். காயவெச்சு மாட்டி முடிக்க மணி ஒன்பது ஆயிடும். ஒரே சுத்துல கிளம்பிடும்."

"ஒன்பதா? ராகு காலம் முடியுற நேரமாச்சே!"

"முதலாளியும் அதைத்தான் சொல்றாரு. ஒரு தடவை ஸ்டார்ட் பண்றது ராகுவுக்குப் பத்தலையாம். நாளைக்கு மூணு தடவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தணுமாம்."