காய்ச்சாத பால்

எனக்குப் பால் பிடிக்காது. பால் ஆலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தால் உங்களுக்கும் பிடிக்காமல் போய்விடும். நீங்கள் வரவழைத்த இந்தக் காப்பியில் பால் இருக்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும், சார்.

தர சோதனை அறையில் எனக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, புளித்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். மிஞ்சுகிற பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. எனக்கு மனசு வராது. ஒரு பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நீங்கள் சொல்லலாம். வீட்டில் அதைக் குடிக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

குடித்தது என் அண்ணி. அண்ணன் சாலை விபத்தில் போனபிறகு, மூன்று வயதுப் பெண் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, நான் ஒருத்தி. அதுவரை அந்த வீட்டில் கதவு சாத்தும் சத்தம்கூட நான் போட்டால்தான் உண்டு. குழந்தை வந்த முதல் வாரமே என் கண்ணாடியை உடைத்தது, சுவரில் படம் வரைந்தது. வாலு என்று கூப்பிட ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பாது, வாலு என்றால் ஓடி வரும்.

வந்த புதிதில் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சாத பாலைச் சில்லென்று ஒரு தம்ளர் குடிப்பாள். அவள் பிறந்த வீட்டில் மாடு உண்டு. "காய்ச்சினா பால் செத்துடும்" என்பாள். நான் தடுக்கவில்லை. ஏதோ ஒன்று உள்ளே போனால் சரி என்றிருந்தேன். அதில் தப்பு இல்லையே.

போன வருஷம் அவளுடைய தம்பி வெளியூரில் அச்சகம் தொடங்கினார். கணக்கும் கடிதமும் பார்க்க ஆள் வேண்டும், நீயே வந்துவிடு என்று அக்காவைக் கூப்பிட்டார். அண்ணி பெட்டி வாங்கினாள். வாலு தன் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து யார் யார் வரலாம் என்று பேர் கூப்பிட்டாள். என் பேரையும் கூப்பிட்டாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் குளிர், பிறகு நூற்றிரண்டு, விடியும்போது வியர்த்துக் கொட்டி உடம்பு ஆறிவிடும். மாத்திரை கொடுத்தேன். ஒரு வாரத்தில் விட்டது. மறுபடி பயண நாள் குறித்தார்கள். மறுபடி வந்தது. மூட்டெல்லாம் வலி, தலை தூக்க முடியவில்லை.

"காய்ச்சலுக்கு என் மேல காதல் போல. ஊருக்குப் போறேன்னாலே ஓடி வந்து கட்டிக்குது" என்று அண்ணி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் தம்பிக்குப் போன் செய்து, இந்த மாதம் வேண்டாம் என்றேன்.

அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காய்ச்சல் அடிக்கும்போது கை கால் பரபரவென்று ஓடும். கஞ்சி வைப்பேன், நெற்றியில் துணி போடுவேன், வாலுவைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவேன். காய்ச்சல் விட்ட நாட்களில்தான் அவஸ்தை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று போய்ப் போய்ப் பார்ப்பேன்.

நான்காவது மாதம் அண்ணி எலும்பும் தோலுமானாள். பக்கத்து வீட்டுக்காரி, "உங்களைப் போல நாத்தனார் யாருக்குக் கிடைப்பாங்க. ஆனா டாக்டர்கிட்ட காட்டலியா?" என்றாள். காட்டினேன்.

டாக்டர் அம்மாள் நிதானமானவர். என்மேல்தான் கோபித்துக்கொண்டார். "மூணு நாளைக்கு மேல காய்ச்சல் இருந்தாலே வரணும். இது விட்டு விட்டு வருது, எடை குறைஞ்சிருக்கு, வியர்த்துக் கொட்டுது. நாலு மாசமா மாத்திரைய போட்டுப் போட்டு அமுக்கி வெச்சிருக்கீங்க. காய்ச்சல் நோய் இல்லம்மா, உள்ள ஏதோ நடக்குதுன்னு உடம்பு கூப்பிடற குரல்."

பிறகு வரிசையாகக் கேட்டார். வெளியூர் போனீர்களா, வீட்டில் யாருக்காவது இருமலா, புதிதாக ஏதாவது மருந்தா. "ஆடு மாடு பக்கம் போவீங்களா? காய்ச்சாத பால் குடிக்கறதுண்டா?"

அண்ணி அரைக்கண் மூடிச் சாய்ந்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல எப்பவும் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் டாக்டர்."

மாதிரிப் பாலை எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயம்தான்.

இரண்டு வாரம் காலையும் சாயங்காலமும் காய்ச்சலை அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. காலையில் மட்டும் அளந்தேன். சாயங்காலம் எனக்கு வேலை முடிய நேரமாகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். தாளைப் பார்த்து, "பரவாயில்லையே, குறைஞ்சுட்டுது" என்றார். முதல் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வரச் சொன்னார்.

முதல் தடவை டாக்டரைப் பார்த்துத் திரும்பும்போதே ஆட்டோவில் அண்ணி கேட்டாள். "பாலப் பத்தி ஏன் கேட்டாங்க?"

"எல்லாரையும் கேக்கறதுதான் அண்ணி. கண்ண மூடிப் படுத்துக்கோங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள்.

நீங்கள் தேதியைத்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். ஆலைக்குப் பால் அனுப்பும் ஒரு பண்ணையில் மாடுகளுக்கு நோய் கண்டு, பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, விட்டு விட்டுக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தால் பாலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லவும் என்று அறிவிப்பு வந்தது, டாக்டரிடம் போவதற்கு ஒன்பது நாள் முன்பு. அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான்தான். கோணலாக இருந்தது என்று ஒருதரம் எடுத்து நேராக ஒட்டினேன். அன்றைக்கும் பாட்டில் என் பையில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். அப்புறம் நான்கு மாதமும். காய்ச்சல் மறுபடி வந்தபோது டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி வாலுவைக் கூப்பிடப் போன இடத்தில், பள்ளி வாசலிலேயே மூச்சு வாங்கிச் சாய்ந்துவிட்டாள். நான் ஆலையிலிருந்து போவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே ஒரு டாக்டர், முன்பு டாக்டர் அம்மாள் என்னிடம் கேட்டதையெல்லாம் குழந்தையிடம் கேட்டிருக்கிறார். அம்மா என்ன குடிப்பாங்க என்று. வாலு மறைக்கத் தெரியாதவள். "அத்தை பாட்டில்ல பால் கொண்டு வருவாங்க. எனக்குக் காய்ச்சித் தருவாங்க. அம்மாவுக்கு அப்படியே தருவாங்க."

அப்புறம்தான் சரியான ரத்தப் பரிசோதனை. கிருமி இதயத்து வால்வு வரை போயிருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் சில வாரம் மருந்து, அத்தோடு சரியாகியிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஒன்பதாம் நாள் அண்ணி இறந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். கடைசி நாளும், "உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்றாள்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் கொடுத்தேன். வேலை போகிற பயம் என்று முன்னால் சொன்னேனே, அதை அடித்துவிடலாம். கொல்ல நினைக்கவில்லை, சார். கொஞ்சம் காய்ச்சல் இருந்தால் போதும் என்றிருந்தேன், பெட்டியைத் தூக்க முடியாத அளவுக்கு. அளவு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு விஷயம். வெளியே ஸ்டேஷன் வாசலில் வாலுவின் மாமா யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. நேற்றிலிருந்து குழந்தைக்கு உடம்பு சுடுகிறதாம். அவர் ஒற்றை ஆள், அச்சு இயந்திரத்தைப் பார்ப்பாரா, பிள்ளையைப் பார்ப்பாரா. அவளை இரண்டு நாளைக்காவது என்னிடம் விடச் சொல்லுங்கள். காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.