அறுத்தான் பார்

நம்ம கோயிலுக்கே ஓலைக் கூரை இருந்த காலமாம் அது. முத்துமுனைங்கிற கரையில இஞ்ஞாசின்னு ஒருத்தர் சங்கு குளிச்சுக்கிட்டிருந்தார். அவர் கடலுக்குள்ள இறங்கினா மேல கயிறு பிடிக்கிறது அவர் பெஞ்சாதியோட தம்பி பெத்ரு. உசுரை மச்சினன் கையிலதான் குடுப்பாங்க. அக்கா தாலியை நினைச்சாவது விடமாட்டான்ல?

அப்ப ஒரு சண்டை வந்துச்சாம். அந்நியன் பீரங்கிக் கப்பலைக் கொண்டாந்து கரைக்கு நேரா நிறுத்திட்டான். கடலுக்குப் போன வள்ளத்தையெல்லாம் சுட்டான். அரிசி வரல, மீன் வரல. பனங்கிழங்கு தீந்துச்சு, பனங்குருத்தும் தீந்துச்சு. பெத்ரு தன் பிள்ளையைப் புதைச்சுட்டு வந்தான். அழக்கூடத் தெம்பில்ல.

இஞ்ஞாசி சொன்னாராம்: "மச்சான், காத்து பாறைத் திட்டைப் பாத்து அடிக்குது. நங்கூரக் கயித்தை அறுத்துட்டா கப்பல் தானாப் போய் மோதும்."

"பட்டப்பகல் அத்தான்! சுட்டுருவான்."

"இந்தக் கொந்தளிப்புல மனுசன் வருவான்னு நினைப்பானா? இன்னும் நாள் போனா முங்கவே எனக்குச் சீவன் இருக்காதுடா."

நீந்திப் போனாங்க. நங்கூரம் கிடந்த இடத்துக்குப் பக்கத்துல தலை நீட்டின பாறை ஒண்ணைப் பெத்ரு கட்டிப் பிடிச்சுக்கிட்டான். இஞ்ஞாசி இடுப்புல கயிறு, கையில கத்தி. முங்கினார். மூச்சு வாங்க வந்தார். முங்கினார். வந்தார். திரும்ப முங்கினார். "மாதாவே, மாதாவே"ன்னு பெத்ரு வாய் ஓயல.

கப்பல் ஆடிச்சு. திரும்பிச்சு. நகந்துருச்சு!

ஆனா பெத்ரு கையில இருந்த கயிறும் வெடுக்குனு இழுத்துச்சு. கைத் தடிமன் இருந்த நங்கூரக் கயிறு அறுந்து இஞ்ஞாசி காலைச் சுத்திருச்சாம். கப்பல் அவரை இழுக்குது, அவர் கயிறு பெத்ருவை இழுக்குது. பாறை நெஞ்சைக் கிழிக்குது.

"விடமாட்டேன் அத்தான்! விடமாட்டேன்!"

சட்டுனு கயிறு லேசாயிருச்சு.

கப்பல் திட்டுல மோதிப் பொளந்துச்சு. கரையே கூச்சல் போடுது. பெத்ரு கயித்தைச் சுருட்டிக்கிட்டு அக்கா மிக்கேலம்மா முன்னால போய் நின்னான்.

"விட்டுட்டியாடா?"

அவன் கயித்தைப் பிரிச்சு நுனியை நீட்டினான். அவ தடவிப் பாத்தாளாம். பாறையில தேஞ்சிருந்தா பிரிபிரியா இருக்கும். இது ஒரே வெட்டு. கத்தி வெட்டு.

"தானே அறுத்துட்டு உன்னை அனுப்பிவச்சுட்டாராடா தம்பி"ன்னு அவனைக் கட்டிக்கிட்டே மணல்ல சரிஞ்சா.

அந்தத் திட்டுதான் அறுத்தான் பார். கடல் பாறையை நாம பார்னுதானே சொல்லுவோம். அவர் உடம்பு கிடைக்கவே இல்ல. இன்னைக்கும் அதைத் தாண்டுற வள்ளக்காரங்க ஒரு கயித்து நுனியைத் தண்ணியில விட்டுட்டேதான் போவாங்க. பிடிச்சு ஏறி வரட்டும்னு.