இருவரும் சேர்ந்து கொடுத்த மனு

என் பெயர் குணசுந்தரி. வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் கோதண்டம். பழவேற்காட்டில் என் நைனா வீட்டில் இருந்துகொண்டு இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறேன். கையெழுத்துப் போடத் தெரியும். இந்த மனுவில் முதல் மனுதாரர் என் கணவர் நீலமேகம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வெள்ளத்திட்டுக் குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறார். இரண்டாவது மனுதாரர் நான்.

எங்களுக்கு 1974-ல் திருமணம் நடந்தது. வீரராகவன் என்ற மகனும் மணியம்மாள் என்ற மகளும் பிறந்தார்கள். 1978 கார்த்திகையில் என் கணவர் ஆந்திரக் கரைப்பக்கம் தங்கித் தொழில் செய்யப் போயிருந்தபோது, மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மழையும் வாடைக்காற்றுமாக இருந்ததால் ஏரியைக் கடக்க யாரும் படகு எடுக்கவில்லை. மறுநாள் பிற்பகல் குப்பத்துக்காரர் அங்கமுத்து என்பவர் துணிந்து எடுத்தார். பழவேற்காட்டுக் கரையில் இறங்கும்போது குழந்தைக்கு மூச்சு இல்லை. அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் என் கணவர் வந்தார். "மொத நாளே ஏன் இட்டுனு போவல?" என்று கேட்டார். "நீ ஏன் ஊர்ல இல்ல?" என்று நான் கேட்டேன். அதன் பிறகு மூன்று மாதம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். அதன் பிறகு நான் மகளைத் தூக்கிக்கொண்டு நைனா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

1980-ல் அவர் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டார். அந்த மனுவில், என் அஜாக்கிரதையால்தான் குழந்தை இறந்தது என்று எழுதியிருந்தது. அவரோடு வாழ எனக்கும் விருப்பம் இல்லை. ஆனாலும் அந்த வரிக்காக எதிர்த்து வழக்காடினேன். அவர் குடித்துவிட்டு அடிப்பார் என்று என் வக்கீல் பதிலுக்கு எழுதினார். அவர் என்னை அடித்ததில்லை. படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் பழவேற்காட்டிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் நீதிமன்றத்துக்கு வந்தோம். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால் உட்காருவேன். பேரைக் கூப்பிடுவார்கள், அடுத்த தேதி சொல்வார்கள், அதே பஸ்ஸில் திரும்புவோம். 1983-ல் ஒரு முறை, வீட்டில் ஆள் இல்லாததால், ஆறு வயது மகளையும் கூட்டி வந்தேன். அன்றைக்கென்று அவருடைய வக்கீல் அந்த வரியை உரக்கப் படித்தார். திரும்பும்போது மகள் கேட்டாள்: "அண்ணன நீதான் சாவடிச்சியாம்மா?" அவளை மடியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

1985 ஆடியில் திரும்பி வரும் வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். மகள் கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அப்டி சொல்லல. வக்கீல் எழுதினது."

"கையெழுத்து யார் போட்டது?"

"நான்தான்," என்றார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அவரை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு மகளின் பள்ளிக்கூட டீச்சர் மெஹருன்னிசா வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். என் தரப்பில் நைனாவும் அவர் தரப்பில் அங்கமுத்துவும் இருந்தார்கள். "இங்க யாரும் ஜெயிக்க வரல. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாய தொறக்கக் கூடாது," என்று டீச்சர் சொன்னார். மகள் என்னிடம் வளர்வது என்றும், பள்ளி விடுமுறைக்குக் குப்பத்துக்கு அனுப்புவது என்றும், நடுவில் பார்க்க வேண்டுமானால் அவர் நைனா வீட்டுக்கே வரலாம் என்றும், பழைய வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு இருவரும் சேர்ந்தே விவாகரத்து கேட்பது என்றும் முடிவானது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், நடந்ததை மகளிடம் அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். டீச்சர் மகளைக் கூப்பிட்டார். "காத்து அடிச்சிதும்மா, படகு போவல. உங்கம்மா மேல தப்பு இல்ல. நாந்தான் ஊர்ல இல்ல," என்று அவர் சொன்னார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் பிறகு விளையாடப் போய்விட்டாள்.

அதன் பிறகு கார்த்திகையில் இந்த மனுவைச் சேர்ந்து போட்டோம். ஆறு மாதக் கெடு முடிந்து இன்று வந்திருக்கிறோம்.

இந்த ஏற்பாடு திருப்தியா என்று நீதிமன்றம் கேட்டதற்கு, வழக்கு நடந்தபோது தேதிக்கு முந்தின நாளெல்லாம் சோறு இறங்காது, நேற்று சாப்பிட்டேன் என்று சொன்னேன். இவ்வளவு பேச முடிந்தவர்கள் சேர்ந்து வாழலாமே என்று கேட்டதற்கு, "இல்லீங்க ஐயா. பேசறதுக்கே ஏழு வருஷம் ஆச்சு. இனிமே வாழறதுக்குத் தெம்பு இல்ல," என்று சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையசைத்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ நான் வரவில்லை.

(ஒப்பம்) கோ. குணசுந்தரி
12-6-1986